அத்தியாயம் 7: எதிரிக்கு இரண்டு வேலை வையுங்கள்
முக்கியப் படைகளைக் குண்டிலிருந்து காக்கும் முறை

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் நடத்திவந்த மைசூர்ப் படை வளைத்துக்கொண்டது. பெய்லியின் சிப்பாய்கள் கலையாமல் நின்று சண்டை போட்டார்கள். ஆனால் அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் குண்டு பட்டு வெடித்தன. அதற்குப் பிறகு பீரங்கி இருந்தும் போட மருந்து இல்லை. பெய்லி சரணடைந்தார், சீரங்கப்பட்டணத்தில் கைதியாக இருந்தபடியே 1782இல் இறந்துபோனார். அங்கே தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்தப் போரைப் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். சதுரமாக அணிவகுத்த சிப்பாய்கள், நடுவில் பல்லக்கில் பெய்லி, பக்கத்திலேயே வெடித்துச் சிதறும் வண்டி என்று எல்லாம் அதில் இருக்கின்றன.

சண்டை போடும் படை கலையாமல் இருக்கும்போதே அந்தப் படையை நடத்தும் ஒன்று அழிந்தால் தோல்விதான். மேசைப் போர் ஆட்டத்திலும் பெரும்பாலான தோல்விகள் இப்படித்தான் வருகின்றன. சென்ற அத்தியாயங்களில் நகர்வதும் சுடுவதும் பார்த்தோம். இந்த அத்தியாயத்தில் தளபதி, வெடிமருந்து வண்டி, பீரங்கி ஆகிய மூன்றையும் எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று பார்ப்போம். அதற்கு ஒரே விதிதான்: முக்கியமான யூனிட்டைத் தொட எதிரி குறைந்தது இரண்டு வேலை செய்தாக வேண்டும். ஒரே வேலையில் தொட முடிகிற இடத்தில் அதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

ஆட்ட அளவுகள்

மும்பையில் ஆறடிக்கு நாலடி மேசை போட எல்லார் வீட்டிலும் இடம் இருக்காது. தாராவியின் ஒற்றை அறை வீடானாலும், மாட்டுங்காவின் பழைய ஃபிளாட் ஆனாலும், செம்பூர் ஹவுசிங் காலனியானாலும் கேரம் போர்டு வைக்க இடம் கிடைத்துவிடும். அதன் ஆடுகளம் 29 அங்குலச் சதுரம். நான்கு குழிகளையும் அட்டையால் மூடி, மேலே மண்நிறத் துணி விரித்தால் போர்க்களம் தயார். இந்த நூலில் உள்ள அளவுகள் எல்லாம் அதற்குப் பொருந்தும்படி நான் அமைத்தவை. 1 அங்குலத்தைச் சுமார் 40 கஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

- காலாட்படை: ஒரு டர்னில் 3 அங்குலம் நகரலாம், நகர்ந்த பிறகும் சுடலாம். துப்பாக்கியின் ரேஞ்ச் 3 அங்குலம்.
- குதிரைப்படை: 6 அங்குலம் நகரும். சுடாது, மோதும்.
- பீரங்கி: 20 அங்குலம் வரை சுடும். நகர்ந்த டர்னில் சுட முடியாது.
- ராக்கெட்: 24 அங்குலம் வரை போகும். தோப்பு, கரை ஆகியவற்றுக்கு மேலாகவும் பறக்கும். எங்கே விழும் என்பதைப் பகடை முடிவு செய்யும்.
- வண்டி: 3 அங்குலம் நகரும்.

சுடும் யூனிட் 6 பகடை போடும். வெட்டவெளியில் நிற்கும் இலக்கு என்றால் 4, 5, 6 விழுந்தால் அடி. தோப்பில் நின்றால் 5, 6. மண்சுவர் அல்லது ஏரிக்கரைக்குப் பின்னிருந்து தலை மட்டும் காட்டினால் 6 மட்டும். சராசரியாகப் பார்த்தால் வெட்டவெளியில் 3 அடி, தோப்பில் 2, கரைக்குப் பின் 1. ஒரே இடத்தில் சில அங்குலம் தள்ளி நிற்பதால் மூன்றில் இரண்டு பங்கு சேதம் குறைகிறது. முழுவதும் மறைந்துவிட்டால் பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் அங்கே இலக்கே இல்லை.

முதலில் எதைக் காப்பது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் காக்க நினைப்பவரால் எதையும் காக்க முடியாது. காலாட்படை அடிபடும், அது அதன் வேலை. ஆட்டம் தொடங்குமுன் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எது போனால் என்னால் வெல்ல முடியாது?

இந்தப் பதில் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆற்றைக் கடப்பது நோக்கமானால் படகோ பாலமோதான் உயிர். கோட்டை முற்றுகையானால் பெரிய பீரங்கி. நெடும்பயணப் படையானால் வண்டி. விலை கூடிய யூனிட்டையே முக்கியமான யூனிட் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பொள்ளிலூரில் வண்டியின் விலை ஒரு பட்டாளத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் படையின் கதையை முடித்தது அதுதான். ஒன்று, மிஞ்சினால் இரண்டு யூனிட்டின் பெயரை மட்டும் சீட்டில் எழுதுங்கள்.

நான்கு ஆபத்து, நான்கு காப்பு

துப்பாக்கிக்கு எதிராகத் தூரமே காப்பு. எதிரிக் காலாட்படை 3 அங்குலம் நகர்ந்து 3 அங்குலம் சுடும்; ஆகவே அதன் கை 6 அங்குலம் நீளும். உங்கள் தளபதி 7 அங்குலத்தில் நின்றால், எதிரி இந்த டர்னில் நெருங்க மட்டுமே முடியும். அடுத்த டர்னில்தான் சுடலாம். அதற்குள் உங்கள் முறை வந்துவிடும். வேலை இரண்டாகிவிட்டது.

பீரங்கிக்கு எதிராகத் தூரம் பயன்படாது. 29 அங்குலப் பலகையில் 20 அங்குலம் சுடும் ஆயுதத்திடமிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியும்? இங்கே மறைப்புதான் காப்பு. ஏரிக்கரைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினால், எதிரி முதலில் பீரங்கியை இழுத்துப்போய் வேறு கோணத்தில் வைக்க வேண்டும். நகர்ந்த டர்னில் அது சுடாது. மீண்டும் இரண்டு வேலை.

ராக்கெட் கரையைத் தாண்டி வரும். எனவே மறைப்பும் கைகொடுக்காது. இங்கே பிரித்து வைப்பதுதான் காப்பு. இரண்டு வண்டியைத் தள்ளித் தள்ளி நிறுத்தினால் ஒரு ராக்கெட் இரண்டையும் எரிக்காது. இரண்டையும் அழிக்க எதிரிக்கு இரண்டு முறை நல்ல பகடை விழ வேண்டும்.

குதிரைப்படை சுடாது, சுற்றி வந்து மோதும். அதற்கு முன்னால் நிறுத்தும் திரைப்படைதான் காப்பு. முதலில் திரையை உடைக்க வேண்டும். பிறகுதான் உள்ளே இருப்பதைத் தொடலாம். பழந்தமிழ்க் கோட்டையைச் சுற்றிக் காவற்காடும் அகழியும் மதிலும் வைத்தது இதே காரணத்தால்தான். ஒவ்வொன்றும் எதிரியின் நேரத்தைத் தின்றது.

ஒவ்வொரு டர்னிலும் எதிரியிடம் இந்த நான்கில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ராக்கெட் வைத்திருப்பவரிடம் கரைக்குப் பின்னால் வண்டிகளை நெருக்கி ஒளித்து வைப்பதும், பீரங்கி வைத்திருப்பவரிடம் வெட்டவெளியில் தள்ளி நிறுத்துவதும் ஒன்றுதான்: நோய் ஒன்று, மருந்து வேறு.

கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்

நின்றபடி மேலிருந்து பார்த்தால் பலகையில் எல்லாமே தெரியும். அந்தப் பார்வை பொய்யானது. குனிந்து, எதிரிப் பீரங்கிக்குப் பின்னால் கன்னத்தைப் பலகையோடு ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள். அங்கிருந்து உங்கள் வண்டி தெரிந்தால் அது சுடப்படும். சந்தேகம் வந்தால் ஒரு நூலைப் பீரங்கியின் வாயிலிருந்து வண்டி வரை இழுத்துப் பிடியுங்கள். ஹெச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலின் ஆட்டத்தில் பொம்மைப் பீரங்கி உண்மையிலேயே சிறு மரத்துண்டைச் சுடும். வீட்டுக்குப் பின்னால் நின்ற பொம்மை விழாது. பகடைக்கு மாறிய பிறகும் அந்த நேர்மையை இழுத்துப் பிடித்த நூல் காப்பாற்றித் தருகிறது.

இதை நேரில் கற்க நமக்குப் பக்கத்திலேயே இடம் உண்டு. சயான் கோட்டையை கும்பினிக் கவர்னர் ஜெரார்ட் ஆஞ்சியர் காலத்தில், 1669க்கும் 1677க்கும் இடையில் ஒரு குன்றின் மேல் கட்டினார்கள். அப்போது பம்பாய் கும்பினி வசம். எதிரே சால்செட் போர்த்துகீசியர் வசம். குன்றின் உச்சியில் நின்று பாருங்கள். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். காலடிச் சரிவின் கீழ்ப்பகுதி தெரியாது. உயரத்தில் இருப்பவன் எல்லாவற்றையும் பார்ப்பான் என்பது தவறு. சரிவின் அடியில் ஒட்டி நிற்பவன் மேலே இருக்கும் பீரங்கிக்குத் தப்புவான். உங்கள் பலகையில் எதிரி மேட்டைப் பிடித்துவிட்டால், பதறி விலகி ஓடுவதைவிட மேட்டின் அடிவாரத்தை ஒட்டிப் போவது பல சமயம் பாதுகாப்பு.

பலகையில் வைக்கும் மறைப்புகளைத் தமிழ்நாட்டு நிலத்திலிருந்து எடுங்கள். 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் ஏரிக்கரைதான் பெரிய மறைப்பு. கும்பார்வாடாவில் கிடைக்கும் களிமண்ணை முக்கால் அங்குல உயரத்துக்குப் பிடித்து நிழலில் காயவிட்டால் நல்ல ஏரிக்கரை ஆகும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கிழித்துக் குச்சியில் செருகினால் தோப்பு. தாராவித் தோல் கடைகளில் வெட்டி எறியும் துண்டுகள் சாலையாகும். வீரர்களுக்குப் பணம் செலவழிக்க முடியாதவர்கள் அட்டையில் ஒட்டிய காகிதப் படங்களை வைத்தே ஆடலாம், விதிகள் மாறாது. கரையின் உயரம் மட்டும் வண்டியின் உயரத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் அது மறைப்பு ஆகாது.

திரைப்படை அமைக்கும் முறை

தாதர் ஸ்டேஷனில் மாலை நேரக் கூட்டத்தில் குடும்பத்தோடு இறங்கும்போது குழந்தையை நடுவில் விட்டுப் பெரியவர்கள் சுற்றி வருவார்கள். ஆனால் நடுவில் இருக்கும் குழந்தையும் நடந்தாக வேண்டும். சுற்றி நிற்பவர்கள் நெருக்கினால் அது தடுக்கி விழும். திரைப்படைக்கும் இதே இரண்டு கடமைகள்: வெளியிலிருந்து வருவதைத் தடுக்க வேண்டும், உள்ளே இருப்பதன் வேலையைத் தடுக்கக் கூடாது.

1. திரைக்கும் காக்கப்படும் யூனிட்டுக்கும் இடையே 3 அங்குலம் விடுங்கள். ஒட்டி நின்றால் திரை பின்வாங்கும்போது வண்டியின் மேலேயே விழும்.
2. திரை யூனிட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, எதிரிக் குதிரைப்படை நிற்கும் அட்டையின் அகலத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். 40 மில்லிமீட்டர் அட்டை என்றால் ஒரு அங்குல இடைவெளி போதும்; அதில் குதிரை நுழையாது.
3. ஓரங்களை மடக்குங்கள். நேர்கோட்டுத் திரையைக் குதிரைப்படை ஒரே டர்னில் சுற்றி வந்துவிடும். இரு முனையிலும் ஒவ்வொரு யூனிட்டைப் பின்னால் சாய்த்து நிறுத்தினால் சுற்றுவதற்கு இன்னொரு டர்ன் பிடிக்கும்.
4. திரைக்குச் சிறந்த படையைச் செலவழிக்காதீர்கள். உடைவதற்கு ஒரு டர்ன் எடுத்துக்கொள்ளும் சாதாரணப் படை போதும்.
5. உங்கள் பீரங்கிக்கு முன்னால் உங்கள் திரையையே நிறுத்திக்கொண்டால் அதனால் சுட முடியாது. அந்தக் காலத்தில் பட்டாளங்களுக்கு நடுவே இடம் விட்டு அங்கே பீரங்கியை நிறுத்தினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தளபதி: மறைந்தும் தெரிய வேண்டும்

1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான், சந்தா சாகிபும் முசாஃபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து வந்த படையை எதிர்த்தார். பிரெஞ்சுக்காரரின் முதல் தாக்குதல்களை அவர் படை முறியடித்தது. பிறகு அரண் உடைந்தது. யானை மேல் இருந்தபடி போரிட்ட முதியவர் துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்தார். அத்தோடு போர் முடிந்தது. மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிப் போனார்.

யானை மேல் ஏறியது அறியாமை என்று நினைக்கக் கூடாது. தலைவர் இருக்கிறார் என்று தன் படை முழுவதும் பார்ப்பதற்காகத்தான் யானை. 1658இல் ஆக்ராவுக்கு அருகே சாமுகரில் தாரா ஷிகோ யானையிலிருந்து இறங்கிக் குதிரை ஏறினார். காலியான அம்பாரியைப் பார்த்த அவர் படை தலைவர் செத்துவிட்டார் என்று நினைத்துச் சிதறியது. ஆம்பூரில் தலைவர் தெரிந்ததால் போர் போயிற்று. சாமுகரில் தெரியாததால் போயிற்று. தளபதியைக் காப்பதில் இருக்கும் கடினம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நம் ஆட்டத்தில் அதை இப்படி வைத்திருக்கிறோம். யானை மேல் இருக்கும் தளபதியின் கட்டளை 8 அங்குலம் வரை எட்டும். குதிரை மேல் இருப்பவரின் கட்டளை 5 அங்குலம்தான். அவர் ஒட்டி நிற்கும் யூனிட் அடிபடும் ஒவ்வொரு முறையும் இரண்டு பகடை போடுங்கள். குதிரை மேல் இருந்தால் கூட்டுத்தொகை 12 வந்தால் மட்டும் அவர் வீழ்வார். 36இல் 1 வாய்ப்பு. யானை மேல் என்றால் 11 வந்தாலும் வீழ்வார், 36இல் 3. மூன்று மடங்கு ஆபத்துக்கு 3 அங்குலக் கூடுதல் கட்டளை.

ஆகவே தளபதியை முதல் வரிசையில் நிறுத்தாதீர்கள். கடைசி மூலையிலும் ஒளிக்காதீர்கள். இரண்டாம் வரிசையின் நடுவில், எதிரித் துப்பாக்கிக்கு 7 அங்குலத்துக்கு அப்பால், முதல் வரிசை அவர் கட்டளைக்குள் இருக்கும்படி நிறுத்துங்கள். முன்வரிசை கலையும் நேரத்தில் மட்டும் முன்னே போய் ஒட்டி நின்று, அது நிலைகொண்டதும் திரும்பி வரட்டும்.

வெடிமருந்து வண்டி: பிரித்து வையுங்கள், பின்னால் வையுங்கள், நகர்த்திக்கொண்டே இருங்கள்

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட்டின் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. லாலியின் இடப்பக்கத்தில் ஓர் ஏரியை அரணாக்கி அதற்குள் ஆட்களை வைத்திருந்தார்கள். கரை துப்பாக்கிக்கு நல்ல தடுப்புதான். ஆனால் உள்ளேயே வெடிமருந்து வண்டியும் இருந்தது. ஆங்கிலேயப் பீரங்கிக் குண்டு ஒன்று அதில் பட்டு வெடித்ததில் சுமார் 80 பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். கலவரத்தைப் பயன்படுத்தி ஆங்கிலப் படை அந்த இடத்தைப் பிடித்தது. அன்றே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். பிரெஞ்சுக்காரரின் தென்னாட்டுக் கனவு அதன் பிறகு நிமிரவில்லை.

அரண் நன்றாகவே இருந்தது. ஆனால் ஆட்களையும் மருந்தையும் ஒரே இடத்தில் அடைத்ததால், ஒரு குண்டு இரண்டையும் கொண்டுபோயிற்று. நம் விதியில் வண்டி வெடித்தால் 2 அங்குலச் சுற்றில் இருக்கும் எல்லாரும் அடிபடுவார்கள். ஆகவே வண்டிக்கும் வண்டிக்கும் 3 அங்குலம், வண்டிக்கும் படைக்கும் 3 அங்குலம் விடுங்கள். பீரங்கிக்கு மருந்து எட்ட 6 அங்குலத்துக்குள் ஒரு வண்டி இருந்தால் போதும். மற்றது கரைக்குப் பின்னால் காத்திருக்கட்டும். ஒரே இடத்தில் இரண்டு டர்னுக்கு மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். எதிரி பீரங்கியை இழுத்து வந்து கோணம் பிடிப்பதற்கு அவ்வளவு நேரம்தான் பிடிக்கும்.

வேறு விதிநூல்களில்

‘வார்ஹாமர் 40,000’ ஆடுபவர்களுக்கும் இதே கணக்குதான். 2023இல் வந்த பத்தாம் பதிப்பில் ‘லீடர்’ ஒரு மெய்க்காவல் யூனிட்டோடு சேர்ந்துகொள்ளலாம். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அடி அவர்களுக்குத்தான் போகும். ‘பிரிசிஷன்’ திறன் கொண்ட ஆயுதம் மட்டும் நேரே லீடரைத் தேடி அடிக்கும். ‘லோன் ஆபரேட்டிவ்’ திறன் உள்ளவரைச் சுட வேண்டுமானால் 12 அங்குலத்துக்குள் வர வேண்டும். ‘இன்டைரக்ட் ஃபயர்’ ஆயுதம் மறைந்திருப்பவரையும் தொடும். பெயர்கள்தான் புதியவை, திரை, தூரம், மறைப்பை மீறும் குண்டு என்று எல்லாம் நாம் மேலே பார்த்தவை. எந்த விதிநூலைத் திறந்தாலும் மறைப்பை மீறும் திறன்கள் எவை என்று முதலில் தேடுங்கள். அவை எதிரியிடம் இருந்தால் அந்த யூனிட்டை முதலில் அழிப்பதே உங்கள் காப்பு.

பயிற்சி: பொள்ளிலூர்ப் பாதை

பலகையின் வடக்கு விளிம்பில் கும்பினிப் படை: 4 காலாட்படை, 2 பீரங்கி, 2 வண்டி, குதிரை மேல் தளபதி. நோக்கம், காஞ்சிபுரம் இருக்கும் தெற்கு விளிம்பைக் கடப்பது. மைசூர்ப் படை மற்ற இரு பக்கங்களிலும்: 3 குதிரைப்படை, 2 காலாட்படை, 3 பீரங்கி, 1 ராக்கெட் யூனிட். நடுவில் ஓர் ஊர், இரண்டு தோப்பு, ஓர் ஏரிக்கரை. மொத்தம் 13 டர்ன். தளபதியும் ஒரு வண்டியாவது தெற்கு விளிம்பைக் கடந்தால் கும்பினி வெல்லும். வண்டி நிற்காமல் போனால் 10 டர்னில் கடந்துவிடும். மறைந்து நிற்க 3 டர்ன்தான் மிச்சம். அந்த மூன்றை எங்கே செலவழிப்பது என்பதே இந்தப் பயிற்சி.

முதல் ஆட்டத்தில் இரண்டு வண்டியையும் படையின் நடுவே ஒன்றாக வைத்து ஆடுங்கள். இரண்டாவதில் பிரித்து வைத்து ஆடுங்கள். மூன்றாவதில் பக்கம் மாறி மைசூராக ஆடுங்கள். வண்டியைத் தேடி அடிக்கிறவராக ஒருமுறை ஆடினால்தான் எங்கே ஒளித்தால் எரிச்சல் வரும் என்பது கைக்குப் பழகும்.

ஒவ்வொரு டர்ன் முடிவிலும் கேட்க வேண்டியவை

- சீட்டில் எழுதிய யூனிட் எந்த எதிரித் துப்பாக்கிக்காவது 6 அங்குலத்துக்குள் இருக்கிறதா?
- குனிந்து பார்த்தால் எந்தப் பீரங்கிக்காவது தெரிகிறதா?
- ஒரே வெடிப்பில் இரண்டு முக்கிய யூனிட் போகுமா?
- திரையில் குதிரை நுழையும் இடைவெளி இருக்கிறதா?
- காக்கப்படும் யூனிட் இந்த டர்னில் தன் வேலையைச் செய்ததா?

கடைசிக் கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். முதல் நான்குக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்து, ஐந்தாவதற்கும் ‘இல்லை’ என்றே வந்தால், நீங்கள் அந்த யூனிட்டைக் காக்கவில்லை. எதிரிக்குப் பதிலாக நீங்களே அதைக் களத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். கட்டளையிடாத தளபதியும் மருந்து கொடுக்காத வண்டியும் வென்ற படையில் இருந்ததில்லை. எதிரிக்கு இரண்டு வேலை வையுங்கள். உங்கள் முக்கிய யூனிட்டுக்கு ஒவ்வொரு டர்னிலும் ஒரு வேலை வையுங்கள்.